கொடையால் எழுந்த பாதை, உழைப்பால் பிழைத்த பாதை

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் பயணியை முதலில் எதிர்கொள்வது சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும் இரசாயன நெடியும்தான். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் முதலிய சிற்றூர்களை ஒட்டி எழுந்த இத்தொழிற்பேட்டை 1980களில் உருவானது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இந்நிலத்தின் வழியே வேறொரு தொழில்யுகம் நுழைந்துவிட்டது. அதுதான் இருப்புப்பாதை. 1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய இரயில்வே அமைத்த ஒரு மீட்டர் அகலப் பாதை, கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரத்தை அடைந்தது. மஹ்மூது பந்தர் எனப் பழம்பெயர் கொண்ட பரங்கிப்பேட்டையின் வணிகரும், நாகூர்க் கந்தூரிக்குச் சென்ற யாத்ரிகரும், தில்லைக்குச் சென்ற அடியாரும் தலைமுறை தலைமுறையாக இவ்வழியே பயணித்தனர்.

அந்த மீட்டர் பாதை இன்று இல்லை. நாடு முழுவதையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவர இந்திய இரயில்வே 1992இல் வகுத்த திட்டத்தின் தொடர்ச்சியாக அது பெயர்த்தெடுக்கப்பட்டது. ரயிலின்றிக் கழிந்த சில ஆண்டுகளுக்குப் பின், 2010இல் விழுப்புரம்–மயிலாடுதுறைத் தடம் அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது. மாற்றம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், காலாவதியாகிவிட்ட ஒரு பாதையை மனிதர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்ய முடியும் என்ற வினா எஞ்சி நிற்கிறது. உலகில் சில இடங்களில் சாதாரண மக்கள் தம் கைகளாலேயே அத்தகைய பாதைகளை மீட்டிருக்கின்றனர். வேறு சில இடங்களில், பெருங்கொடையால் எழுந்த பாதைகள்கூட மணலில் புதைந்துபோயின. இவ்விரு வகைக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறும்பாதையின் பிறப்பு

கடலூர்ப் பாதை ஏன் ஒரு மீட்டர் அகலத்தில் அமைந்தது? இதற்கான விடையின் ஒரு பகுதி, கடல்கடந்து பிரிட்டனின் மேற்குக் கரையிலுள்ள வேல்ஸ் நாட்டு மலைகளில் இருக்கிறது.

வேல்ஸின் வடபகுதியில் கூரை வேயப் பயன்படும் சிலேட்டுக் கல் வெட்டும் சுரங்கங்கள் நிறைந்திருந்தன. அக்கல்லைத் துறைமுகத்திற்குக் கொண்டுசேர்க்க 1836இல் ஃபெஸ்டினியோக் இரயில்வே திறக்கப்பட்டது. அதன் தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 597 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு அடி மட்டுமே. மலையிலிருந்து கல் ஏற்றிய வண்டிகள் புவியீர்ப்பின் விசையாலேயே கீழிறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். 1863இல் அப்பாதையில் நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. 1870இல் ராபர்ட் ஃபேர்லி என்னும் பொறியாளர் தாம் வடிவமைத்த இரட்டை எஞ்சினை அங்கே ஓட்டிக் காட்டியபோது, ரஷ்யா முதலிய பல நாடுகளின் வல்லுநர்கள் நேரில் வந்து பார்த்தனர். குறுகிய பாதையிலும் மிகுந்த சுமையைக் குறைந்த செலவில் இழுக்க முடியும் என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அதே காலத்தில்தான் இந்தியாவில் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, ஐந்தரை அடி அகலப்பாதையின் செலவைத் தாங்க இயலாது எனக் கருதிச் சிக்கனமான ஒரு பாதையைத் தேடிக்கொண்டிருந்தது. மெட்ரிக் அளவை முறை இந்தியாவுக்கு வரவிருக்கிறது என்ற எதிர்பார்ப்பில் ஒரு மீட்டர் அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா, கர்நாடிக் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து 1874இல் தென்னிந்திய இரயில்வே உருவானபோது, இவ்வளவே தமிழகத்தின் தென்பகுதிக்கு உரியதாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860களில் போடப்பட்டிருந்த அகலப்பாதையைக்கூட மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் அதையே மீண்டும் அகலமாக்கினார்கள். பாதையின் அகலம் என்பது இயற்கையின் விதி அன்று. அந்தந்தக் காலத்துப் பொருளாதாரத்தின் கணக்கு அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கணக்கு மாறும்போது பாதையும் கைவிடப்படுகிறது. வேல்ஸிலும் அதுவே நிகழ்ந்தது.

புல் பிடித்த தண்டவாளம்

டாலிலின் இரயில்வே என்பது வேல்ஸின் மேற்குக் கரையில் டவின் என்னும் சிற்றூரிலிருந்து மலைக்குள் செல்லும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளக் குறும்பாதை. 1865இல் தொடங்கிய இதன் அகலம் 686 மில்லிமீட்டர். இதுவும் சிலேட்டுச் சுரங்கத்துக்காக அமைக்கப்பட்டதே. 1911இல் இதனை விலைக்கு வாங்கிய ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், தாம் உயிரோடிருக்கும்வரை ரயில் ஓடும் என்று வாக்களித்திருந்தார். 1946இல் சுரங்கம் இடிந்து மூடப்பட்ட பின்னும் வருமானமற்ற அப்பாதையில் கோடைகாலத்தில் ரயிலை ஓட்டி அவ்வாக்கைக் காப்பாற்றினார். 1950 ஜூலையில் அவர் மறைந்தார். அப்போது தண்டவாளங்கள் தேய்ந்து, சிலீப்பர் கட்டைகள் உளுத்து, பாதையைப் புல் மூடியிருந்தது. தண்டவாளங்களை விலகாமல் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்த எஞ்சின் ஒன்றே ஒன்று. அதுவும் 1866இல் செய்யப்பட்ட 'டோல்காக்'.

அவ்வாண்டு அக்டோபரில் எல்.டி.சி. ரோல்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் கூட்டினர். ரயில்வேயை விலைக்கு வாங்குவது அவர்கள் திட்டமன்று. தங்கள் உழைப்பைக் கொண்டே அதை ஓட்டுவது என்பதுதான் அவர்கள் முன்வைத்த யோசனை. பலருக்கு அது பித்துக்குளித்தனமாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் சங்கம் ஒன்று உருவானது. 1951 மே 14ஆம் நாள் அச்சங்கத்தின் பொறுப்பில் முதல் ரயில் புறப்பட்டது. தன்னார்வலர்களால் காப்பாற்றப்பட்டு நடத்தப்பட்ட உலகின் முதல் இரயில்வே அதுவே என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

அலுவலகப் பணியாளர், ஆசிரியர், மாணவர், தொழிலாளி எனப் பலதரப்பட்டவர்கள் விடுமுறை நாட்களில் வந்தனர். புல் செதுக்கினர், கட்டை மாற்றினர், ஜல்லி கொட்டினர். அதே அகலம் கொண்ட அண்டைப் பாதையான கோரிஸ் இரயில்வே 1948இல் மூடப்பட்டிருந்தது. அதன் இரு எஞ்சின்களை வாங்கிவந்து பழுதுபார்த்தனர். பழைய ஊழியர்களிடமிருந்து தொழில் கற்றனர். இருந்ததைக் காப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சரக்கு மட்டுமே சென்ற மலைப்பகுதித் தடத்தைப் பயணிகளுக்கு ஏற்றவாறு செப்பனிட்டு, 1976இல் நான்ட் குவெர்னோல் என்னும் இடம்வரை பாதையை நீட்டினர். இருபத்தைந்து ஆண்டுகளின் உழைப்பு அது.

வெள்ளத்தில் மூழ்கிய வழி

ஃபெஸ்டினியோக்கின் கதை இதைவிடக் கடினமானது. 1946இல் மூடப்பட்ட அப்பாதை எட்டு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1954இல் ஆலன் பெக்ளர் என்பவர் அதன் நிர்வாகத்தைப் பெற்றுத் தன்னார்வலரின் முயற்சிக்குத் துணைநின்றார். 1955இல் துறைமுக ஊரான போர்த்மடோக்கிலிருந்து கடலோரக் கரைமேட்டின் மீது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திற்கு ரயில் ஓடியது. ஆண்டுதோறும் பாதை மேலேறியது. ஆனால் மலையின் உச்சியிலிருந்த பழைய தடத்தின் ஒரு பகுதியை மின்சார வாரியம் நீர்மின் திட்டத்துக்காக நீரில் மூழ்கடித்துவிட்டது. பழுதுபார்க்க அங்கே பாதையே இல்லை.

எவரும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர்களோ, நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு செல்லும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளப் புதுவழி ஒன்றை அமைக்க முடிவு செய்தனர். 1965 ஜனவரியில் பணி தொடங்கியது. டுவால்ட் என்னுமிடத்தில் பாதை தன்னையே ஒருமுறை சுற்றிக்கொண்டு தன் மேலேயே ஏறிக் கடக்கிறது. உயரம் பெறுவதற்கான உபாயம் அது. மண்வெட்டியும் கைவண்டியும் கொண்டு, மழையிலும் பனியிலும், வார இறுதி தோறும் அந்தச் சுற்றுவழி வெட்டப்பட்டது. இன்னொரு பக்கம் இழப்பீட்டுக்கான வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து 1972இல் இவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. புதிய சுரங்கவழியைக் குடைய மட்டும் கூலிக்குச் சுரங்கத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். 1982 மே மாதம் ரயில் மீண்டும் பிளைனாவ் ஃபெஸ்டினியோக் நகரை அடைந்தது. தொடக்கத்தில் மண்வெட்டி பிடித்த இளைஞர்கள் அதற்குள் நடுவயதை எட்டியிருந்தனர்.

அதே நிறுவனம் பின்னர், 1930களில் மூடப்பட்டுத் தண்டவாளம்கூட எஞ்சாதிருந்த வெல்ஷ் ஹைலண்ட் பாதையை 1997 முதல் கட்டங்கட்டமாகப் புதிதாக அமைத்தது. சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் 2011இல் முழுமை பெற்றது. அதில் ஓடும் பெரிய எஞ்சின்கள் தென்னாப்பிரிக்காவில் உழைத்து ஓய்வு பெற்றவை. பொதுநிதி மானியங்களும் பயணச்சீட்டு வருவாயும் இல்லாமல் இவை நடந்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மானியம் வழங்கப்படுவதற்கு முன்பே மனிதர்கள் அங்கே இருந்தார்கள். 2021இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இவ்விரு பழம்பாதைகளும் அதில் இடம்பெற்றன. எழுபது ஆண்டு மக்கள் உழைப்புக்குப் பின்னரே அங்கீகாரம் வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஹிஜாஸ் பாதை: கொடையின் பெருமையும் எல்லையும்

முஸ்லிம் உலகின் நினைவில் நிலைத்த இருப்புப்பாதை ஒன்று உண்டு. திமிஷ்கிலிருந்து மதீனாவரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த ஹிஜாஸ் இரயில்வேதான் அது. அதுவும் ஒரு குறும்பாதையே. அதன் அகலம் 1,050 மில்லிமீட்டர். நம் கடலூர்ப் பாதையைவிட ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே கூடுதல்.

உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900இல் இத்திட்டத்தை அறிவித்தார். ஹஜ் பயணிகளின் துயரைப் போக்குவது அதன் வெளிப்படையான நோக்கம். தொலைதூர மாகாணங்களின் மீது படைபலத்தை நிலைநாட்டுவது அதனோடு இணைந்த அரசியல் நோக்கம். அந்நியக் கடன் வாங்காமல் கட்டுவது என்ற உறுதியால், உலக முஸ்லிம்களின் நன்கொடை கோரப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பொருள் சென்றது. அமிர்தசரஸ் 'வக்கீல்' இதழின் ஆசிரியர் முஹம்மது இன்ஷாவுல்லாஹ், ஹைதராபாத்தின் முல்லா அப்துல் கய்யூம் ஆகியோர் இதற்கெனப் பெரிதும் உழைத்தனர். குர்பானித் தோல்களின் விற்பனைப் பணம், ஊழியரின் சம்பளப் பிடித்தம், தனி அஞ்சல்தலைகள் எனப் பலவழிகளில் நிதி சேர்ந்தது. கொடையாளருக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாக வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஜெர்மானியப் பொறியாளர் மைஸ்னர் தலைமையில், பெரும்பாலும் படைவீரர்களின் உழைப்பால் பாதை வளர்ந்தது. புனித நிலத்தை நெருங்கிய இறுதிப் பகுதியை முஸ்லிம் பொறியாளர்களே அமைத்தனர். 1908 செப்டம்பர் 1ஆம் நாள் மதீனா நிலையம் திறக்கப்பட்டது. ஒட்டகக் கூட்டத்தில் நாற்பது நாள் பிடித்த பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. மக்காவரை நீட்டும் திட்டம் மட்டும் நிறைவேறவே இல்லை.

முதல் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சியாளரும் அவர்களுக்குத் துணையான பிரிட்டிஷ் அதிகாரிகளும் இப்பாதையை மீண்டும் மீண்டும் தகர்த்தனர். போருக்குப் பின் அதன் உடல் பல நாடுகளாகப் பிரிந்தது. இது முஸ்லிம் சமுதாயத்தின் வக்ஃபுச் சொத்து, எவரும் பங்கிட இயலாது என்ற வாதம் எழுந்தும் பயனில்லை. மஆனுக்குத் தெற்கே பாதை கைவிடப்பட்டது. 1960களில் அதனைச் சீரமைக்க ஒப்பந்தம் விடப்பட்டுப் பணியும் தொடங்கியது. 1967 போரும் அதனைத் தொடர்ந்த நிலைமைகளும் அதையும் முடக்கின. இன்று மதீனா நிலையம் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. எஞ்சிய பாதையை மீட்பது குறித்து 2025 செப்டம்பரில் துருக்கி, சிரியா, ஜோர்டான் ஆகிய நாடுகளின் போக்குவரத்துத் துறையினர் அம்மானில் கூடி இணக்கம் கண்டனர். அதன் பலனைக் காலம்தான் கூற வேண்டும்.

இவ்வீழ்ச்சிக்குப் போரும் எல்லைப் பிரிவினையுமே முதற்காரணங்கள். வேல்ஸின் அமைதியான பள்ளத்தாக்கை அரபுப் பாலையோடு அப்படியே ஒப்பிடுவது நீதியாகாது. ஆயினும் அவற்றின் அடியில் இன்னொரு காரணமும் இருந்ததை மறுக்க இயலாது. கொடை கொடுத்தவர்கள் இஸ்தான்புல்லிலும் கெய்ரோவிலும் ஹைதராபாத்திலும் இருந்தனர். பாதையோரம் வாழ்ந்த பதவீக் குலத்தாருக்கோ அது தம் பிழைப்பில் விழுந்த அடியாகவே தோன்றியது. ஒட்டக வாடகையும் யாத்ரிகர் கூட்டத்தைக் கடக்கவிடுவதற்குப் பெற்ற மானியமுமே அவர்களது வாழ்வாதாரம். பாதை கட்டப்பட்ட காலத்திலேயே அவர்கள் அதைத் தாக்கியதற்கு இதுவே காரணம். ஆக, தொலைவிலுள்ளோரின் பக்தியால் எழுந்த பாதைக்கு, அருகிலுள்ளோரின் அரவணைப்புக் கிடைக்கவில்லை. பொருளைக் கொடுத்தவரின் கடமை பதக்கத்தோடு முடிந்தது. பாதையைத் தினமும் தொட்டுப் பராமரிக்கும் கைகள் அரசாங்கத்தின் கூலிக் கைகளாகவே இருந்தன. அரசாங்கம் மறைந்தபோது அக்கைகளும் மறைந்தன.

வேல்ஸில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அப்பாதைகள் இலாபத்துக்காக எழுந்தவை. அவற்றில் புனிதம் எதுவுமில்லை. இலாபம் போனபின், வெளியூரிலிருந்து வந்தவர்கள் தம் உடலுழைப்பைக் கொடுத்தனர். உழைப்பு என்னும் கொடைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒருமுறை கொடுத்து முடிப்பதன்று அது. வாரந்தோறும் கொடுக்கப்பட்டால்தான் அது கொடை. கொடுப்பவர் தாம் கற்றதை அடுத்தவருக்குக் கற்பிக்கிறார். ஆகவே அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. நிலையான தர்மம் எனும் ஸதகத்துல் ஜாரியாவைக் கட்டடமாகவும் கிணறாகவுமே காண்கிறோம். கிணற்றை ஆண்டுதோறும் தூர்வாருபவர் இல்லையேல் அந்தத் தர்மம் எத்தனை நாள் ஓடும்?

தமிழகத்தில் எஞ்சியது

தமிழகத்தில் மீட்டர் பாதையின் உயிருள்ள எச்சம் நீலகிரி மலை இரயில்வேதான். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரையும், 1908இல் உதகமண்டலம்வரையும் ரயில் ஓடியது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையின் செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தின் உதவியால் எஞ்சின் ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஸ்விட்சர்லாந்தில் செய்யப்பட்ட பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையின் தொழிலாளர்கள் அதே வகையில் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தனர். மறைந்துவிட்டதாக உலகம் கருதிய ஒரு கைத்திறனைத் தமிழகத் தொழிலாளர் உயிர்ப்பித்த அருஞ்செயல் அது. ஆனால் இங்கே எல்லாமே அரசுடைமை. பொதுமகன் ஒருவன் சிலீப்பர் கட்டையைத் தொட்டுப் பணிசெய்ய இடமில்லை. பாதுகாப்பைக் கருதினால் அதில் நியாயமும் உண்டு. எனினும் அரசின் கணக்கு மாறினால் துணைநிற்க யார் உளர் என்ற கேள்வி அங்கும் உண்டு.

கடலூர்க் கடற்கரை மக்களுக்குத் தன்னார்வம் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சமய வேறுபாடு பாராது மீனவக் கிராமத்து மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்து நின்றது அண்மை வரலாறு. அதே ஆண்டில்தான் சிப்காட் பகுதிக் கிராமத்தார் தம் ஊர்க் காற்றின் மாசை அளக்கத் தாமே மாதிரி எடுக்கப் பழகினர். உயிருக்கும் மூச்சுக்கும் இடர் வந்தபோது இம்மக்கள் பிறரை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. நினைவுக்கு இடர் வந்தபோது மட்டும் நாம் அதனை இடராகவே உணரவில்லை.

பெயர்த்தெடுக்கப்பட்ட மீட்டர் பாதையை இனி எவரும் மீட்க முடியாது. டாலிலின் சங்கத்தார் வெற்றி பெற்றதற்கு முதற்காரணம், தண்டவாளம் தரையில் இருக்கும்போதே அவர்கள் கூடியதுதான். நமக்கு அந்த வாய்ப்புக் கடந்துவிட்டது. ஆயினும் அப்பாதையில் எஞ்சின் ஓட்டியவர்கள், கைகாட்டி இழுத்தவர்கள், கரி அள்ளிப் போட்டவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே முதுமையில் வாழ்கின்றனர். பழைய பயணச்சீட்டு, கால அட்டவணை, புகைப்படம், கடிதம் ஆகியவை வீட்டுப் பரண்களில் கிடக்கக்கூடும். பரங்கிப்பேட்டையிலோ சிதம்பரத்திலோ கடலூர் முதுநகரிலோ பத்து இளைஞர்கள் கூடி, ஞாயிறுதோறும் ஒரு முதியவரின் சொல்லைப் பதிவுசெய்யத் தொடங்கினால் போதும். அதற்கு நிதி வேண்டியதில்லை, அனுமதியும் வேண்டியதில்லை. இந்தக் கடைசித் தண்டவாளமும் பெயர்க்கப்படும்முன் அவர்கள் கூடவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.